ஃபிக்ஸட் கியர் சைக்கிளின் பின்சக்கர ஹப்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மியான்மரின் மௌல்மீனில் ஜப்பானிலிருந்து வந்திறங்கும் பழைய சைக்கிள்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் 5 அல்லது 6 பல் அடுக்குள்ள ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, கியர் மாற்றும் பாகங்களை எல்லாம் கழற்றிவிட்டு, பெடலும் பின்சக்கரமும் எப்போதும் ஒன்றாகவே சுழலும்படி ஃபிக்ஸட் கியராக மாற்றிக்கொள்ளும் ஆசை நம் பிள்ளைகளிடம் இப்போது பரவியிருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் மாற்றிய பிறகு குறை சொல்லிக்கொண்டு என்னிடம் வரும் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் பூட்டிய விதத்தைவிட, சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி அமைந்த ஹப்பைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே பிழை இருப்பதைக் காண்கிறேன். பிரேமை அளக்காமல் ஹப்பை வாங்கிவிடுகிறார்கள். பிறகு வாசரையும் சுத்தியலையும் கொண்டு அதைப் பொருத்தப் பார்க்கிறார்கள். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் உரிய காரணத்தையும், அந்தக் காரணம் வராதபடி எந்த ஹப்பை எடுப்பது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒன்று: முன்சக்கர பிரேக்கைக் கழற்றாதீர்கள். செயின் விழுந்தாலோ பல்சக்கரம் கழன்றாலோ, ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் பின்சக்கரத்தை நிறுத்த வேறு எதுவும் இருக்காது.

அறிகுறி: பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழலுகிறது

முன்னோக்கி மிதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்து அழுத்தியதும் ஒரு நொடி பிடிப்பு இருப்பது போலத் தோன்றி, பிறகு பெடல் சும்மா சுற்றும். இது மற்ற எல்லாக் குறைகளையும்விட ஆபத்தானது; இதைச் சரிசெய்யாமல் தெருவுக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

காரணம் மரையில் இருக்கிறது. ஃப்ரீவீல் திருகும் பழைய ஹப்பின் மரையும், ஃபிக்ஸட் பல்சக்கரம் திருகும் மரையும் ஒரே அளவு: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, வலப்பக்கம் திருகினால் இறுகும். அளவு ஒன்றாக இருப்பதால் பழைய ஃப்ரீவீல் ஹப்பிலேயே ஃபிக்ஸட் பல்சக்கரம் அழகாக ஏறிவிடும். அதைப் பார்த்துப் பலர் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முன்னோக்கி மிதிக்கும்போது பல்சக்கரம் மேலும் இறுகுகிறது; பின்னோக்கி அழுத்தும்போது அதே மரை அதைக் கழற்றுகிறது. ஃப்ரீவீல் பின்பக்கம் தானாகச் சுற்றும் பொருள் என்பதால் அந்த ஹப்புக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. ஃபிக்ஸட் பல்சக்கரமோ இரண்டு திசையிலும் விசையைத் தாங்க வேண்டும்.

இதற்கென்றே செய்த ஹப்பில் மரை இரண்டு படியாக இருக்கும். உள்படியில் பல்சக்கரம் ஏறும். வெளிப்படி விட்டத்தில் சற்றுச் சிறியது, பெரும்பாலானவற்றில் 1.29 அங்குலம், அதன் மரை இடப்பக்கம் திருகினால் இறுகும். அதில் லாக் ரிங் என்னும் வளையம் ஏறுகிறது. பல்சக்கரம் கழல முயன்றால், தன்னோடு ஒட்டியிருக்கும் லாக் ரிங்கையும் அதே பக்கம் இழுக்கும்; லாக் ரிங்குக்கு அது இறுகும் திசை. ஒன்று கழலப் பார்க்கும்போது மற்றொன்று இறுகுவதால்தான் இந்த அமைப்பு நம்பகமானதாக இருக்கிறது.

ஆகவே கடையில் ஹப்பைக் கையில் வாங்கியதும், மரை இருக்கும் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரல்நகத்தை உள்ளிருந்து வெளியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் ஓர் இடத்தில் தடுக்கி ஒரு படி கீழே இறங்கினால் அது ஃபிக்ஸட் ஹப். படியே இல்லாமல் மரை ஒரே மட்டமாக ஓடி முடிந்தால் அது ஃப்ரீவீல் ஹப். விற்பவர் என்ன பெயர் சொன்னாலும் அதை ஃபிக்ஸட் வேலைக்கு எடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் மரை உள்ள ஹப்புகளில் ஒருபக்கம் படியுடனும் மறுபக்கம் படியில்லாமலும் இருப்பது வழக்கம். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு ஃப்ரீவீலாகவும் ஓட்டலாம் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதில் எந்தப் பக்கம் எது என்று பார்த்துப் பூட்டுவது உங்கள் பொறுப்பு.

ஃப்ரீவீல் ஹப்பில் பல்சக்கரத்தை ஏற்றி, அதன்மேல் பெடல் அச்சுக் கூட்டின் இடப்பக்க வளையம் ஒன்றை இறுக்கிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இங்கே உண்டு. அந்த வளையத்தின் மரையும் 1.37 அங்குலமாக இருப்பதால் அது ஏறத்தான் செய்யும். ஆனால் அதுவும் வலப்பக்க மரை. பல்சக்கரம் கழலும் திசையும் வளையம் கழலும் திசையும் ஒன்றே. இரண்டுக்கும் இடையிலுள்ள இறுக்கம் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். அது என்றைக்கு விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கியைக்தான்லான் புத்தக்கோயில் இருக்கும் மேட்டிலிருந்து ஆற்றோரச் சாலைக்கு இறங்கும் சரிவில் எனக்கே இது நடந்திருக்கிறது. பாதி இறக்கத்தில் காலுக்குக் கீழே பெடல் லேசானதை உணர்ந்த அந்தக் கணத்தை இன்னும் மறக்கவில்லை. முன் பிரேக் இருந்ததால் நின்றேன். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தபோது வளையமும் பல்சக்கரமும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வெளியே வந்திருந்தன. பசை தடவுவதும் பற்றவைப்பதும் இதற்கு மாற்று ஆகாது; பற்றவைத்த ஹப்பில் பல்சக்கரம் தேய்ந்தால் ஹப்பையே தூக்கி எறிய வேண்டியிருக்கும்.

ஹப் சரியானதாக இருந்தும் பல்சக்கரம் அசைகிறது என்றால் கீழ்க்கண்டபடி பாருங்கள். லாக் ரிங்கை முதலில் கழற்றுங்கள். அதை வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு பல்சக்கரத்தைக் கழற்றி, மரைகளை மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஹப்பின் மரை நுனிகள் கூர்மையாக நிற்கின்றனவா, அல்லது மழுங்கிப் படுத்திருக்கின்றனவா, அலுமினியத் தூள் மின்னுகிறதா என்று பாருங்கள். மழுங்கியிருந்தால் அந்தப் பக்கம் இனி உதவாது. நன்றாக இருந்தால் மெல்லியதாக கிரீஸ் தடவி, பல்சக்கரத்தைக் கையாலேயே சுற்றி ஏற்றுங்கள். முதல் இரண்டு சுற்றுக்குள் கருவி தேவைப்பட்டால் மரை குறுக்காக ஏறுகிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள். கையால் முழுதும் ஏறிய பிறகு செயின் துண்டு பொருத்திய நெம்பியால் உங்கள் பலம் முழுதும் கொடுத்து இறுக்கி, லாக் ரிங்கைக் கொக்கி ஸ்பேனரால் பூட்டுங்கள். அதன்பின் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள். அந்த மிதியில் பல்சக்கரம் இன்னும் சற்று இறுகி, லாக் ரிங்கிலிருந்து விலகியிருக்கும். திரும்பி வந்து லாக் ரிங்கை மறுபடி இறுக்கினால்தான் வேலை முடிகிறது. இந்த இரண்டாவது இறுக்கலைச் செய்யாமல் விடுவதே, நல்ல ஹப்பில்கூட பல்சக்கரம் கழலுவதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

இனி ஐயம் இருந்தால், வெள்ளை நெயில் பாலிஷ் கொண்டு ஹப், பல்சக்கரம், லாக் ரிங் மூன்றின்மேலும் தொடர்ச்சியாக ஒரே கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கோடு உடையாமல் இருந்தால் எதுவும் நகரவில்லை.

லாக் ரிங் ஏறவே இல்லை, அல்லது ஏறினாலும் ஆடுகிறது என்றால், அது இத்தாலிய அளவாக இருக்கலாம். காம்பக்னோலோ என்னும் இத்தாலிய நிறுவனத்தின் முறையில் லாக் ரிங்கின் விட்டம் 1.32 அங்குலம். ஹப்பை வாங்கும்போதே அதற்குரிய லாக் ரிங்கையும் சேர்த்து வாங்குங்கள்.

அறிகுறி: செயின் இரைகிறது, மேடு பள்ளத்தில் விழுகிறது

ஃபிக்ஸட் கியரில் செயின் நேர்கோட்டில் ஓட வேண்டும். முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் பிரேமின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் நிற்பதையே செயின் நேர் என்கிறோம். ட்ராக் ஹப்புகளில், அதாவது பந்தயத் தளத்துக்கென்று செய்த ஃபிக்ஸட் ஹப்புகளில், இந்தத் தூரம் பொதுவாக 42 மி.மீ. பழைய ரேஸ் சைக்கிளில் முன்னே இரண்டு பல்சக்கரம் இருந்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 41 மி.மீ. தூரத்திலும், வெளியே இருப்பது 46 மி.மீ. அருகிலும் நிற்கும். பெரிய பல்சக்கரம் பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று அதையே வெளிப்பக்கம் வைத்துவிட்டு, பின்னே 42 மி.மீ. ஹப்பைப் போட்டால், செயின் 4 மி.மீ. கோணலாக ஓடி உறுமத்தான் செய்யும்.

அளப்பது எளிது. முன்னே, இருக்கைக் குழாயின் வலப்பக்கச் சுவரிலிருந்து பல்லின் நடு வரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். ஜப்பானிய இரும்புப் பிரேம்களில் அந்தக் குழாய் பெரும்பாலும் 28.6 மி.மீ.; பாதி 14.3. அளவு 28 வந்தால் செயின் தூரம் 42.3 மி.மீ. பின்னே, ஹப்பின் இரண்டு வெளிநட்டுகளுக்கு இடையே உள்ள மொத்த அகலத்தில் பாதியிலிருந்து, வலப்பக்க நட்டின் முகத்துக்கும் பல்லின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். 120 மி.மீ. ஹப்பில் அது 18 ஆக இருந்தால் 60 கழித்தல் 18, அதாவது 42. இரண்டு எண்களுக்கும் இடையே 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், 2 மி.மீ.க்கு மேல் போனால் சரிசெய்யுங்கள். முன்பல்சக்கரத்தை உள்பக்கம் மாற்றிப் பூட்டிப் பார்ப்பது செலவில்லாத முதல் வழி.

செயினின் அகலத்தையும் பாருங்கள். ட்ராக் பல்சக்கரங்கள் பல அரைக்கால் அங்குல அகலத்துக்குச் செய்யப்பட்டவை. கியர் சைக்கிளின் மெல்லிய செயின் அவற்றின் பல்மேல் இறங்காமல் ஏறி நிற்கும். அகலமான செயினை மெல்லிய பல்லில் ஓட்டலாம், மாறாக முடியாது.

அறிகுறி: சக்கரம் பிரேமுக்குள் போகவில்லை, அல்லது போட்டால் இரு பக்கமும் இடைவெளி விடுகிறது

பின்போர்க்கின் உள் அகலத்தை அளக்காமல் ஹப் வாங்கியதன் விளைவு இது. ட்ராக் ஹப் 120 மி.மீ.; 5 அடுக்கு ரேஸ் பிரேம்கள் பெரும்பாலும் அதே 120 என்பதால் அவற்றுக்கு நேராகப் பொருந்தும். 6, 7 அடுக்குப் பிரேம்கள் 126. அதற்குப் பின் வந்த ரேஸ் பிரேம்கள் 130. மலைச் சைக்கிள் 135. கூடை வைத்த சாதாரணத் தெருச் சைக்கிள்கள் இவை எல்லாவற்றையும்விடக் குறுகலாக, 110 மி.மீ. சுற்றியே இருக்கும்.

126 பிரேமில் 120 ஹப்பை வைத்து நட்டை இறுக்கினால் போர்க் வளைந்து கூடிக்கொள்ளும், சைக்கிளும் ஓடும். ஆனால் போர்க் முனைகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காமல் சாய்வதால், காலப்போக்கில் அச்சு வளைந்து முறியும். அந்த 6 மி.மீ.க்கு வாசர் வைத்து நிரப்புவதே முறை. எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இரு பக்கமும் 3 மி.மீ. வைத்தால் சக்கரம் நடுவிலேயே நிற்கும், செயின் தூரம் 42 மாறாது. ஆறும் இடப்பக்கமே வைத்தால் ஹப் 3 மி.மீ. வலமாக நகர்ந்து செயின் தூரம் 45 ஆகும். வெளிப்பக்கம் நிற்கும் 46 மி.மீ. முன்பல்சக்கரத்தை மாற்ற முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ரிம்மும் 3 மி.மீ. வலமாகப் போயிருக்கும் என்பதால், ஸ்போக்ஸ் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுத்து அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வாசர் வைத்த பிறகு அச்சின் முனை நட்டுக்கு முழு மரையும் கொடுக்கிறதா என்று பாருங்கள். நட்டின் வெளி முகம் வரை அச்சு வராவிட்டால் நீளமான அச்சு போடுங்கள்.

இரும்புப் பிரேமாக இருந்தால் போர்க்கை அளவாக விரிக்கவோ குறுக்கவோ தெரிந்தவர் கையில் கொடுக்கலாம். அலுமினியப் பிரேமில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது வளைவதற்குப் பதில் வெடிக்கும்.

அறிகுறி: எழுந்து மிதித்தால் டயர் போர்க்கில் உரசுகிறது, செயின் தளர்ந்துவிடுகிறது

அச்சு தன் இடத்தில் நிற்காமல் முன்னோக்கி இழுபடுகிறது. ரேஸ் சைக்கிளின் அச்சு உட்காரும் பிளவு முன்பக்கம் திறந்திருக்கும்; செயினின் இழுப்போ, எதிர்த்து அழுத்தினாலும்கூட, எப்போதும் முன்னோக்கியே இருக்கும். நெம்புகோலால் பூட்டும் துளையுள்ள அச்சு இந்த இழுப்பைச் சிலவற்றில் தாங்கும், பலவற்றில் தாங்காது. ஆகவே ஃபிக்ஸட் வேலைக்கு 10 மி.மீ. கனத்த, துளையில்லாத அச்சும், உள்முகத்தில் பற்கள் வெட்டிய பெரிய நட்டுகளும் உள்ள ஹப்பையே எடுங்கள். ட்ராக் ஹப்பின் அச்சு மரை 10 மி.மீ.க்கு 1 மி.மீ. இடைவெளி, பழைய தெருச் சைக்கிளின் நட்டு பலவும் 3/8 அங்குல அளவு என்பதால் அதைக் கொண்டுவந்து இதில் திருகி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

நட்டு உட்காரும் இடத்தில் பெயிண்ட் தடித்திருந்தால் அதைச் சுரண்டி எடுங்கள். பெயிண்ட் நசுங்க நசுங்க நட்டு தளர்கிறது. இறுக்குபவர் தன் கைமேல் பழி போட்டுக்கொள்கிறார்.

அறிகுறி: செயின் ஓர் இடத்தில் விறைக்கிறது, ஓர் இடத்தில் தொங்குகிறது

பெரும்பாலும் இது ஹப்பின் குறை அல்ல. முன்பல்சக்கரம் கிராங்கின்மேல் நடுவாக உட்காரவில்லை; அதன் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, விறைக்கும் இடத்தில் செயினை மெல்லத் தட்டி, மறுபடி இறுக்குங்கள். விறைக்கும் இடத்திலும் செயினின் நடுவை விரலால் 10 மி.மீ. அளவு மேலும் கீழும் அசைக்க முடிய வேண்டும்.

ஆனால் பிளவு நேர் கீழாக இறங்கும் பிரேமில் சக்கரத்தை முன்பின் நகர்த்தவே வழியில்லை. செயினை எந்த நீளத்தில் வெட்டினாலும் ஒன்று விறைக்கும் அல்லது தொங்கும். ஸ்ப்ரிங் வைத்த செயின் இழுப்பானை ஃபிக்ஸட் கியரில் போட முடியாது. எதிர்த்து அழுத்தும்போது செயினின் கீழ்ப்பாதிதான் விறைக்கும், அந்த விசை இழுப்பானைப் பிய்த்துவிடும். அச்சு நடுவிலிருந்து விலகி அமைந்த தனி ஹப் ஒன்று இதற்காகவே உண்டு. அச்சைத் திருப்பினால் சக்கரம் முன்பின் நகரும். இங்கே அது கிடைப்பது அரிது, விலையும் அதிகம். வேறு பிரேம் தேடுவதே என் ஆலோசனை.

அறிகுறி: ஹப் நல்லது, ரிம் நல்லது, துளைதான் ஒத்துவரவில்லை

ஹப்பின் துளை எண்ணிக்கையும் ரிம்மின் துளை எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜப்பானிய ரேஸ் சைக்கிள்களில் 36 சாதாரணம். பழைய இங்கிலாந்து முறைத் தெருச் சைக்கிளில் முன்னே 32, பின்னே 40. நாற்பது துளை ரிம்மை வைத்துக்கொண்டு அதற்கு ட்ராக் ஹப் தேடி அலைவதைவிட, 36 துளை ஹப்பும் 36 துளை ரிம்மும் எடுத்துப் புதிதாகப் பின்னுவது மலிவு. ஹப் மாறினால் கம்பியின் நீளமும் மாறும் என்பதால், பழைய கம்பிகள் உதவும் என்று எண்ணி வேலையைத் தொடங்காதீர்கள்.

பின்மிதி பிரேக் உள்ள ஹப்பைக் கொண்டுவந்து இதை ஃபிக்ஸடாக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. அதன் பல்சக்கரத்தில் மூன்று காதுகள் இருக்கும், ஒரு கம்பி வளையம் அதைப் பிடித்திருக்கும். பின்மிதிக்கும்போது பிரேக்கைத் தள்ளுவதற்காகவே அதன் உள்ளமைப்பு முழுதும் அமைந்திருக்கிறது.

அறிகுறி: மழைக்குப் பின் சக்கரம் கரகரக்கிறது, அல்லது பக்கவாட்டில் ஆடுகிறது

ஆண்டுக்கு 4,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊரில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓடும் ஹப் எப்படிப்பட்டது என்பது தனிக் கேள்வி. கெய்ரின் என்னும் தளச் சைக்கிள் பந்தயத்துக்கான ஜப்பானிய ஹப்புகள் சில பழைய சாமான்களோடு இங்கே வந்து சேர்கின்றன. கோன் என்னும் கூம்பு நட்டும் பால்ஸ் என்னும் உருண்டைகளும் கொண்ட அவை மிக லேசாகச் சுழலும். ஆனால் அவை பந்தயத் தளத்துக்குச் செய்தவை, நீரைத் தடுக்கும் ரப்பர் மூடி கிடையாது. அதை மழையில் ஓட்டுவதானால் மாதம் ஒருமுறை பிரித்துக் கழுவிக் கிரீஸ் வைக்க மனம் வேண்டும். கோனின் முகத்தில் பால்ஸ் ஓடிய வளையக்கோடு வழவழப்பாக இருந்தால் போதும். அதில் ஊசி குத்தியது போலச் சிறு பள்ளங்கள் தெரிந்தால் கோனை மாற்றுங்கள். அதை எவ்வளவு நுணுக்கமாக இறுக்கினாலும் கரகரப்பு போகாது.

தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு அடைத்த பேரிங் உள்ள ஹப்பையே நான் சொல்வேன். பேரிங்கின் எண்ணை வாங்கும்போதே பார்த்துக் குறித்து வையுங்கள். 6000 என்று இருந்தால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 26, அகலம் 8 மி.மீ.; எண்ணோடு 2ஆர்எஸ் என்று சேர்ந்திருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி உண்டு. இது மோட்டார் உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும் அளவு. பழையதைத் தட்டி எடுத்துப் புதியதைப் போடும்போது வெளிவளையத்தின்மேல் மட்டும் சரியான அளவுள்ள ஒரு குழாய்த் துண்டை வைத்துத் தட்டுங்கள். உள்வளையத்தில் அடித்தால் புதிய பேரிங் அந்த அடியிலேயே கெட்டு, முதல் நாளே கரகரக்கத் தொடங்கிவிடும்.